கேட்கும் உரிமையும் மறுக்கும் உரிமையும்: அந்தமான் நிக்கோபாரில் மாறிவரும் மனப்பாங்குகள்

1. கேள்வி

எல்லாம் தங்களுக்குச் சேரவேண்டியது என்று இக்காலத்து மாணவர்கள் நினைக்கிறார்கள் என்னும் குறை தமிழ்நாட்டு ஆசிரியர் அறைகளில் எவ்வளவு வழக்கமானதோ அவ்வளவு வழக்கமானது அந்தமானிலும். கல்லூரி இடம் தீவுக்காரருக்கே ஒதுக்கப்பட வேண்டும். படிப்பு முடிந்தால் அரசு வேலை வேண்டும். அந்த வேலையும் வீட்டுக்கு அருகில், சொந்தத் தீவிலேயே அமைய வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மூத்தவர்கள் ஒழுக்கச் சரிவாகக் காண்கிறார்கள். தங்கள் காலத்தில் கிடைத்ததைக் கொண்டு நிறைவடைந்தோம் என்கிறார்கள். அரசியலைப் பற்றிய பேச்சிலும் இதே குரல் கேட்கிறது: தில்லியில் யார் ஆட்சி, அவர்களிடமிருந்து என்ன வாங்க முடியும் என்பதைத் தவிர வாக்காளருக்கு வேறு அக்கறை இல்லையாம்.

இவ்விரு குறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் முதல் கோரிக்கை. மாணவரின் மனப்பாங்கும் வாக்காளரின் மனப்பாங்கும் தனித்தனியே கெட்டுப்போனவை அல்ல. இரண்டும் ஒரே நிர்வாக வரலாற்றிலிருந்து பிறந்தவை. ஏறத்தாழ ஒவ்வொரு குடும்பமும் ஏதோ ஒரு அரசுப் பட்டியலின் வழியே கரையேறிய நிலம் இது. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதே இங்கு நூற்றைம்பது ஆண்டுகளாக வாழ்வைத் தீர்மானித்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் கேட்பது குடிமகனுக்குக் கிடைத்த முதன்மையான அரசியல் வழியாகிறது. சட்டமன்றம் இல்லாததால் அந்தக் கேட்பு விவாதமாகவோ சட்டமாகவோ வளரவும் இல்லை.

தலைநகர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றப்பட்டது. பேசப்படும் காலத்தின் பெரும்பகுதியைக் கருதி இங்கே போர்ட் பிளேயர் என்றே குறிக்கிறேன்.

2. இதுவரை சொல்லப்பட்ட விளக்கங்கள்

இளைய தலைமுறையின் உரிமை மனப்பான்மை பற்றிய உலகளாவிய பேச்சு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் லாஷ் 1979இல் தன்மோகப் பண்பாடு பற்றி எழுதிய நூலும், ஜீன் ட்வெங்கி 2006இலும் பின்னர் கீத் கேம்ப்பெல்லுடன் சேர்ந்து 2009இலும் எழுதிய நூல்களும் இந்தப் பேச்சுக்கு வடிவம் தந்தன. இளைஞர் தம்மையே மையமாகக் கருதும் போக்கை இவர்கள் குடும்ப வளர்ப்பு, நுகர்வுப் பண்பாடு ஆகியவற்றோடு தொடர்புபடுத்துகிறார்கள். இதே வழியில் செல்லும் கல்வியாளர்கள் சிலர், கட்டணம் செலுத்தும் மாணவர் தம்மை வாடிக்கையாளராகக் கருதுவதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

அந்தமானுக்கு இது பொருந்தவில்லை. அங்கே மாணவரின் கோரிக்கை கல்லூரியை நோக்கியது அன்று, அரசை நோக்கியது. பணம் கொடுத்தேன், பொருளைக் கொடு என்று அவர் வாதிடுவதில்லை. இங்கே பிறந்தேன், என் குடும்பம் இன்ன ஆண்டில் வந்தது, ஆகவே எனக்கு உண்டு என்கிறார். வாதத்தின் அடிப்படையே வேறு.

இரண்டாவது விளக்கம் நிர்வாக வட்டாரங்களில் நெடுங்காலமாக உலவுவது: மானியம் மக்களைச் சார்ந்திருப்பவர்களாக்கிவிட்டது. கப்பல் கட்டணத்தில் சலுகை, மெயின்லேண்டில் படிக்க உதவித்தொகை, மத்திய அரசு நிதியில் ஓடும் நிர்வாகம் என்று சான்றுகளை அடுக்குவது எளிது. ஆனால் சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில், கப்பலில் ஏறினால் மூன்று நாள் போல ஆகும் இடத்தில், கட்டணச் சலுகை இல்லாவிட்டால் ஒரு நோயாளியோ மாணவரோ பயணம் செய்வது எப்படி என்ற கேள்விக்கு இந்த விளக்கத்தில் பதில் கிடையாது. சலுகையை அது குணத்தின் பிரச்சினையாகப் பார்க்கிறது. புவியியலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மூன்றாவது விளக்கம் நம் சூழலுக்கு நெருக்கமானது. பார்த்தா சட்டர்ஜி 2004இல் வெளியிட்ட ஆளப்படுவோரின் அரசியல் பற்றிய நூலில், ஏழை நாடுகளின் பெரும்பாலான மக்கள் சம உரிமையுள்ள குடிமக்களாக அன்றி, அரசு வகுத்த மக்கள்தொகைப் பிரிவுகளாகவே அரசோடு உறவாடுகிறார்கள் என்று வாதிட்டார். அவர் மேற்கு வங்கத்தின் குடிசைவாசிகளையும் ரயில் பாதையோர மக்களையும் முன்வைத்து எழுதியது அந்தமானுக்கு இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. தீவுகளைப் பற்றிய அண்மை ஆய்வுகளும் அந்தத் திசையிலேயே செல்கின்றன. கிளேர் ஆண்டர்சன், மதுமிதா மஜும்தார், விஷ்வஜித் பாண்டியா ஆகியோர் 2016இல் வெளியிட்ட வரலாறு, பிலிப் ஸெமிஷ் 2017இல் வெளியிட்ட ‘மினி இந்தியா’ என்னும் இனவரைவியல் நூல், உதிதி சென் கிழக்கு வங்க அகதிகளைப் பற்றி 2018இல் எழுதிய நூல் ஆகிய மூன்றும் இக்கட்டுரைக்கு வழி காட்டுபவை. ஆயினும் இவை குடியேற்றத்தையும் அடையாளத்தையும் மையமாகக் கொண்டவை. இன்றைய மாணவர் கோரிக்கையைத் தேசியக் கட்சி அரசியலோடு சேர்த்துப் பார்க்கும் வேலை மீதமிருக்கிறது.

3. பட்டியலில் தொடங்கிய சமூகம்

1858 மார்ச்சில் பிரிட்டிஷ் அதிகாரி ஜே.பி. வாக்கர் இருநூறு கைதிகளோடு போர்ட் பிளேயரில் இறங்கியபோது தீவின் நவீனக் குடியேற்றம் தொடங்கியது. நம் பாடநூல்களும் திரைப்படங்களும் 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் இன்றைய தீவுச் சமூகத்தைப் புரிந்துகொள்ளச் சிறையைவிட முக்கியமானது சிறைக்கு வெளியே இருந்த ஏற்பாடு. குறிப்பிட்ட காலம் நன்னடத்தையோடு கழித்த கைதிகளுக்கு அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டது. அவர்கள் நிலம் பெற்றுப் பயிர் செய்யலாம், மணம் செய்துகொள்ளலாம். தன் உழைப்பில் வாழும் அந்த உரிமையும் அரசு கொடுத்த சீட்டில்தான் தங்கியிருந்தது. சீட்டைத் திரும்பப் பெறும் அதிகாரமும் அரசிடமே இருந்தது.

பின்னர் வந்தவர்களும் பெரும்பாலும் அரசு வகுத்த பிரிவுகளாகவே வந்தார்கள். குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பாந்துக்கள், 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் அனுப்பப்பட்ட மாப்பிள்ளைகள், 1925 வாக்கில் மாயாபந்தர் பக்கம் குடியேறிய பர்மாவின் கரேன் மக்கள், 1918 முதல் சோட்டா நாக்பூரிலிருந்து காடு வெட்ட வந்த ‘ராஞ்சி’க்காரர்கள். 1942 மார்ச் 23இல் ஜப்பானியப் படை இறங்கியது. அடுத்த மூன்றரை ஆண்டுகளில் உளவாளிகள் என்ற ஐயத்தில் உள்ளூர் மக்கள் சித்திரவதைக்கு ஆளானார்கள். 1944 ஜனவரி 30இல் ஹம்ஃப்ரேகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போருக்கு முன்பே தீவில் இருந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தம்மை 1942க்கு முந்தைய லோக்கல் என்று அறிமுகப்படுத்திக்கொள்வதற்குப் பின்னால் இந்தத் துயரம் இருக்கிறது. அவர்களுக்கு 1942 ஓர் ஆண்டு மட்டுமல்ல, அவர்கள் பட்ட பாட்டின் அத்தாட்சி.

விடுதலைக்குப் பின் 1949 முதல் கிழக்கு வங்க அகதிக் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டன. தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்து ஏக்கர் நெல் வயலும் ஐந்து ஏக்கர் மேட்டு நிலமும் தருவது திட்டம். இவர்களை ஆதரவற்ற அகதிகளாக மட்டும் பார்க்கக் கூடாது, நாட்டைக் கட்டும் வேலைக்கு அரசு தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் இவர்கள் என்று உதிதி சென் காட்டுகிறார். காட்டை அழித்து வயலாக்கியது அவர்கள் உழைப்பு. ஆகவே செட்லர் (அரசு குடியேற்றியவர்) தன் நிலத்தை இலவசமாகக் கிடைத்ததாக எண்ணுவதில்லை, உழைத்துப் பெற்றதாகவே எண்ணுகிறார். அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. கூடவே, ஜாரவாக்களும் ஓங்கிகளும் கிரேட் அந்தமானியரும் ஆகிய பழங்குடிகள் வாழ்ந்த காட்டை ஆளில்லா நிலமாகக் கருதித்தான் அரசு அதைப் பங்கிட்டது என்ற உண்மையும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 44 பேர், ஓங்கிகள் 101 பேர், ஜாரவாக்கள் 380 பேர். தீவுகளில் நடக்கும் உரிமைப் பேச்சு எதுவும் இந்த எண்களை மறந்துவிட்டு நேர்மையாக இருக்க முடியாது.

தமிழர் வந்த வழிகள் பல. சென்னை மாகாணக் கைதிகள், துறைமுகத்துக்கும் பொதுப்பணித்துறைக்கும் ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த கூலிகள், சிறு வணிகர்கள், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் அமர்த்தப்பட்டவர்கள், 1969 முதல் கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர்களில் சிலர். 2011இல் தீவுகளின் 3,80,581 மக்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு. வங்கமொழியைச் சொன்னவர்கள் 28 விழுக்காட்டுக்கு மேல். இவ்வளவு பேர் இருந்தும், அகதிகளைப் போலத் திரளாக ஒரே திட்டத்தின் கீழ்த் தமிழர் வரவில்லை. கச்சாலும் கேம்ப்பெல் பேயும் விதிவிலக்குகள். பெரும்பாலோர் தாமாக வந்தவர்கள், அல்லது ஒப்பந்தக்காரர் பின்னால் வந்தவர்கள். காட்டோரம் குடிசை போட்டவர்களுக்கு 1978 என்ற இன்னொரு எல்லை ஆண்டு குறுக்கே வந்தது. அதற்கு முந்தைய ஆக்கிரமிப்பு முறைப்படுத்தத் தக்கது, பிந்தையது அகற்றத் தக்கது. தாத்தா எந்த ஆண்டில் வந்தார் என்பதை எழுத்தில் காட்ட முடிகிற பேரனும் காட்ட முடியாத பேரனும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள்.

4. இடம் கேட்கும் தலைமுறை

1967இல் ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி தொடங்கும்வரை தீவுகளில் கல்லூரியே கிடையாது. மேற்படிப்பு என்றால் கல்கத்தாவுக்கோ சென்னைக்கோ கப்பல். அந்தக் கல்லூரி முதலில் சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். வங்காள விரிகுடாவின் நடுவில் இருந்த மாணவரின் பாடத்திட்டம் சிவாலிக் மலையடிவாரத்தில் முடிவாயிற்று. பிறகு புதுச்சேரிப் பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மெயின்லேண்ட் கல்லூரிகளில் தீவுகளுக்கென்று மத்திய அரசு ஒதுக்கிய சில இடங்களுக்கு நிர்வாகம் மாணவரைப் பரிந்துரைக்கும் முறை நீண்ட காலம் நடந்தது. 2015இல் போர்ட் பிளேயரில் மருத்துவக் கல்லூரி 100 இடங்களோடு தொடங்கியது.

இந்த வரலாற்றில் ஒரு மாணவர் கற்றது என்ன? உயர்கல்வி என்பது தன் ஊரில் வளர்ந்து நிற்கும் ஒன்றாக அவருக்குத் தெரியவில்லை. எங்கோ தீர்மானிக்கப்பட்டு, எண்ணிக்கையில் அடங்கி, தன் பெயரைச் சேர்க்கவோ விடவோ கூடியதாகத் தெரிந்தது. போட்டி மதிப்பெண்ணில் மட்டும் முடிவதில்லை. யார் இத்தீவுக்காரர் என்பதிலும் இருக்கிறது. தீவில் படித்த ஆண்டுகள், பெற்றோர் வசித்த ஆண்டுகள், தீவுவாசி என்பதற்கான ஐலண்டர் கார்டு ஆகியவை மதிப்பெண் பட்டியலுக்கு இணையான ஆவணங்களாயின. இந்த அட்டைக்கும் பின்னணி உண்டு. உச்ச நீதிமன்றம் அமைத்த சேகர் சிங் ஆணையம் தீவுகளின் காட்டைக் காக்க வெளியிலிருந்து வரும் மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தவும் அடையாள அட்டை வழங்கவும் பரிந்துரைத்தது. 2002 மே 7இல் நீதிமன்றம் ஆணையத்தின் பரிந்துரைகளைப் பெருமளவு ஏற்றது. சூழலைக் காக்கப் பேசப்பட்ட அட்டை நடைமுறையில் கப்பல் கட்டணத்துக்கும் வாய்ப்புகளுக்கும் சாவியாயிற்று.

ஆகவே, ‘எனக்குச் சேரவேண்டியது’ என்று மாணவர் பேசும்போது அவர் புதிய ஒரு நெறியைக் கண்டுபிடிக்கவில்லை. பாட்டனாருக்கு ஐந்து ஏக்கர் வயலைக் கொடுத்த அதே நெறியில்தான் இருக்கையைக் கேட்கிறார். மூத்த தலைமுறை கிடைத்ததில் நிறைவடைந்ததாகச் சொல்வதும் முழு உண்மை அன்று. அவர்களும் கேட்டார்கள். மனு எழுதினார்கள், பட்டாவுக்காக அலுவலகப் படிகளில் ஆண்டுக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். அன்று நிலம் இருந்தது, அரசுக்கும் ஆள் தேவைப்பட்டது. ஆகவே கோரிக்கை பெரும்பாலும் நிறைவேறியது. இன்று பங்கிட நிலம் இல்லை. அரசு வேலைகள் சுருங்குகின்றன. எழுத்தறிவு 86 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. நிறைவேறாத கோரிக்கை உரத்து ஒலிக்கிறது, உரத்து ஒலிப்பதால் பேராசையாகத் தெரிகிறது. மாறியது மாணவர் குணம் என்பதைவிட, கோரிக்கைக்கும் கிடைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் என்பதே சான்றுகளோடு ஒத்துப்போகிறது.

மானிய விளக்கக்காரர்கள் இங்கே ஒரு மறுப்பைச் சொல்லலாம்: காரணம் வரலாற்றில் இருந்தாலும் விளைவு விளைவுதானே, முயற்சி குறைகிறது, ஒதுக்கீட்டின் மேல் நம்பிக்கை கூடுகிறது. மறுப்பின் முதல் பாதியை ஏற்கிறேன். வகுப்பறையில் சோர்வு இருக்கிறது. அதைக் காணும் ஆசிரியரின் கவலை உண்மையானது. ஆனால் சோர்வுக்கான மருந்து அறிவுரையில் இருக்கிறது என்பதை ஏற்க முடியவில்லை. படித்த இளைஞருக்கு அரசு அலுவலகம், சுற்றுலா விடுதி, கடை என்பதைத் தாண்டி ஒரு பொருளாதாரம் தீவில் உருவாகாத நிலையில், அரசை நோக்கித் திரும்புவது சோம்பல் அன்று, கண்முன் இருப்பதை எடைபோட்ட முடிவு.

5. பட்டியலுக்கு வெளியே

கோரும் மனப்பாங்கின் கசப்பான பக்கம் வேறிடத்தில் இருக்கிறது. 2000களின் நடுவில் தீவு நிர்வாகம் ஐந்து சமூகங்களைப் பிற்படுத்தப்பட்டோராக அறிவித்தது: 1942க்கு முந்தைய லோக்கல்கள், பாந்துக்கள், மாப்பிள்ளைகள், கரேன்கள், வங்காள செட்லர்கள். இந்தப் பட்டியல் சாதியைக் கொண்டு வகுக்கப்படவில்லை, குடியேற்ற வரலாற்றைக் கொண்டு வகுக்கப்பட்டது. இந்தியாவில் இது அரிதான ஏற்பாடு. கைதியின் துயரமும் அகதியின் துயரமும் இட ஒதுக்கீட்டின் தகுதியாயின.

துயரப்பட்ட எல்லோரும் பட்டியலில் வரவில்லை. ராஞ்சிக்காரர்களில் பலர் ஒராவோன், முண்டா, காரியா பழங்குடிகள். சொந்த ஊரில் இருந்திருந்தால் பட்டியல் பழங்குடியினர். தீவில் அவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை. காடு வெட்டி, சாலை போட்டு, தீவின் மிகக் கடினமான வேலைகளைச் செய்தவர்கள் இவர்கள் என்பதை ஸெமிஷின் நூல் விரிவாகப் பதிவு செய்கிறது. தமிழ், தெலுங்குத் தொழிலாளர் குடும்பங்களும் வெளியே நின்றன. தீவுகளில் பட்டியல் சாதி என்ற வகையே அறிவிக்கப்படாததால், இராமநாதபுரத்திலிருந்தோ சிறீகாகுளத்திலிருந்தோ வந்த தலித் குடும்பம் கடலைக் கடந்ததும் சட்டத்தின் கண்ணில் சாதியற்றதாகிவிட்டது. வாழ்க்கையில் சாதி அப்படி மறைந்துவிட்டதா என்பது வேறு கேள்வி.

இங்கேதான் மாணவரிடையே ஒரு மனமாற்றம் தெரிகிறது. முந்தைய தலைமுறை ‘நாங்கள் எல்லோரும் தீவுக்காரர்கள், மெயின்லேண்ட்காரர்கள் வேறு’ என்று பேச முடிந்தது. சாதி மதம் கலந்த மணங்களும் பொதுமொழியாகிவிட்ட இந்துஸ்தானியும் அதற்குத் துணை நின்றன. இன்று ஒரே தெருவின் இரு வீடுகளில் ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் ஒருவருக்கு ஒதுக்கீடு உண்டு, மற்றவருக்கு இல்லை. ‘இன்னும் எத்தனை தலைமுறை இருந்தால் நாங்கள் இவ்வூர்க்காரர் ஆவோம்?’ என்னும் தமிழ் இளைஞரின் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ‘எங்களையும் பட்டியலில் சேருங்கள்’ என்பதோடு நின்றுவிடுகிறது. பட்டியலை யார் எழுதுகிறார்கள், எந்த அவையில் விவாதித்து எழுதுகிறார்கள் என்ற கேள்வி எழுவதில்லை.

6. சட்டமன்றம் இல்லாத அரசியல்

தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். நீட் தேர்வு வந்தபின் அரசுப் பள்ளி மாணவர் மருத்துவப் படிப்பிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள் என்ற குறை எழுந்தது. 2020இல் சட்டமன்றம் அவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்து சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானபோது அதுவே அரசியல் பிரச்சினையானது, அக்டோபர் இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. மாணவரின் குறை வீதியில் தொடங்கி அவைக்குப் போய், விவாதத்தில் அடிபட்டு, சட்டமாகத் திரும்பியது. அந்தமான் மாணவரின் குறை போய்ச் சேர அப்படி ஓர் அவை கிடையாது. அங்கே கோரிக்கை துணைநிலை ஆளுநரின் அலுவலகத்துக்கோ உள்துறை அமைச்சகத்துக்கோ மனுவாகப் போகிறது. கல்லூரிகளை ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கீழ்க் கொண்டுவரும் யோசனை அண்மையில் எழுந்தபோது, மத்தியப் பல்கலைக்கழகம் கேட்டு மாணவர்கள் எதிர்த்தார்கள். கட்டணத்தையும் பட்டத்தின் மதிப்பையும் பற்றிய அவர்கள் கவலை பொறுப்பானது. அதைத் தீர்மானத்துக்குக் கொண்டுவர ஓர் அவை இருந்திருந்தால் அது போராட்டச் செய்தியாக மட்டும் முடிந்திருக்காது.

1956 முதல் ஒன்றியப் பகுதியான தீவுகளுக்கு மக்களவையில் ஒரே இடம். 1967 வரை அந்த ஓர் உறுப்பினரும் நியமனம்தான். 1952இல் முதலில் நியமிக்கப்பட்டவர் நிக்கோபாரியரான பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். தேர்தல் வந்தபின் ஒரு நிக்கோபாரியர்கூட மக்களவைக்குப் போகவில்லை என்பது ஜனநாயகத்தின் எண்ணிக்கைக் கணக்கைப் பற்றி நிறையச் சொல்கிறது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட கே.ஆர். கணேஷுக்குப் பின் 1977 முதல் காங்கிரஸின் மனோரஞ்சன் பக்தா எட்டு முறை வென்றார். 1999, 2009, 2014, 2024 ஆண்டுகளில் பாரதிய ஜனதாவின் பிஷ்ணு பத ராய் வென்றார். 2019இல் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா வென்றார்.

தில்லியில் ஆள்பவருக்கே தீவு வாக்களிக்கும் என்ற பொதுக் கருத்தை இந்தப் பட்டியலே மறுக்கிறது. 2009இல் நாடு காங்கிரஸ் கூட்டணியை மீண்டும் தேர்ந்தெடுத்தபோது தீவு பாரதிய ஜனதாவை 2,990 வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. 2019இல் நாடெங்கும் பாரதிய ஜனதா பெருவெற்றி பெற்றபோது தீவு காங்கிரஸை 1,407 வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தது. இந்தச் சிறிய இடைவெளிகளில் சமூகக் கணக்கு, வேட்பாளர் மேல் உள்ள பிணக்கு, நிர்வாகத்தின் மேல் உள்ள கோபம் எல்லாம் கலந்திருக்கின்றன. நிர்வாகத்தைத் தேர்தலில் மாற்ற முடியாத இடத்தில், நாடாளுமன்ற உறுப்பினரை மாற்றுவதே மக்கள் கையிலிருக்கும் ஒரே பெரிய கருவி. வாங்குவதற்கே வாக்களிக்கிறார்கள் என்பவர்கள் இதைத் தண்டிப்பதற்கான வாக்காகவும் பார்க்க வேண்டும்.

உள்ளாட்சியில் மெயின்லேண்ட் கட்சிகள் இன்னும் விசித்திரமான வடிவம் எடுக்கின்றன. 2022 மார்ச்சில் போர்ட் பிளேயர் நகராட்சியின் 24 இடங்களில் காங்கிரஸுக்குப் பத்து, பாரதிய ஜனதாவுக்குப் பத்து, தெலுங்கு தேசத்துக்கு இரண்டு, திமுகவுக்கு ஒன்று, சுயேச்சைக்கு ஒன்று கிடைத்தன. அடுத்த ஆண்டு பாரதிய ஜனதாவின் ஆதரவோடு தெலுங்கு தேசத்தின் எஸ். செல்வி நகராட்சித் தலைவரானார். ஆந்திரத்துக் கட்சியும் தமிழ்நாட்டுக் கட்சியும் அங்கே தம் மாநிலக் கொள்கைகளைக் கொண்டு வெல்வதில்லை. சட்டமன்றமே இல்லாத இடத்தில் மாநில சுயாட்சி பேச என்ன இருக்கிறது? கட்சியின் பெயர் அங்கே ஒரு சமூகத்தின் கதவு எண்ணாக, தில்லிக்கோ சென்னைக்கோ அமராவதிக்கோ போகும் வழியாகப் பயன்படுகிறது.

அவை இல்லாத வெற்றிடத்தை ஓரளவு நிரப்புவது நீதிமன்றம். 2023 ஆகஸ்டில், சுமார் 4,000 நாட்கூலி மஸ்தூர்களுக்கான பயன்களை வழங்காததற்காகக் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் போர்ட் பிளேயர் அமர்வு தலைமைச் செயலரை இடைநீக்கம் செய்து, துணைநிலை ஆளுநருக்கு ஐந்து லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை தந்தது. சரியா மிகையா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நாட்கூலிக்காரரின் சம்பளக் கேள்வியும் அவமதிப்பு வழக்காக மாறித்தான் தீரவேண்டியிருக்கிறது என்பதே கவலைக்குரியது.

பெயர் மாற்றங்களும் இப்படி உள்ளூர்ச் சட்டமன்றம் இல்லாமலே முடிவானவை. 2018 டிசம்பர் 30இல் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளுக்கும், 2023 ஜனவரியில் பரம் வீர் சக்கரம் பெற்றவர்களின் நினைவாக 21 தீவுகளுக்கும், 2024இல் தலைநகருக்கும் புதிய பெயர்கள் வந்தன. தலைநகர்ப் பெயர் மாற்றத்தின்போது, தீவுகள் சோழரின் கடற்படைத் தளமாக இருந்தன என்று உள்துறை அமைச்சர் குறிப்பிட்டார். ராஜேந்திரனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரத்தை (நிக்கோபாரை) சொல்வது தமிழருக்குப் பெருமை தரலாம். அந்தப் பெருமை தீவுத் தமிழ் மாணவருக்கு ஓர் இடத்தையும் கூட்டித் தரவில்லை. ஹம்ஃப்ரேகஞ்சின் 44 பேரின் பேரர்களைக் கேட்டும் எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை. தேசம் தன் நினைவுகளை வைக்கும் இடமாகத் தீவு ஆகியிருக்கிறது. அங்கே வாழ்பவரின் நினைவு அதில் பங்காளி ஆகவில்லை.

7. மறுக்க முடிந்தவர்கள்

கேட்க மட்டுமே முடிகிற இந்த நிலைக்கு ஒரு விதிவிலக்கு நிக்கோபாரில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் வந்த உதவி நிக்கோபாரியரின் ‘துஹெத்’ என்னும் கூட்டுக் குடும்ப அமைப்பை எப்படிக் குலைத்தது என்று சிம்ரோன் ஜித் சிங் நீண்ட ஆய்வில் பதிவு செய்திருக்கிறார். தோப்பும் பன்றியும் படகும் பொதுவாக இருந்த இடத்தில் இழப்பீடு தனிக்குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்குக்கு வந்தது. கணக்கெடுத்தவர்களுக்குத் தெரிந்த வடிவத்திலேயே குடும்பங்கள் பிரிந்தன. கோரும் மனப்பாங்கு சில ஆண்டுகளிலேயே எப்படி உருவாக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே மக்கள் வேறொன்றையும் செய்தார்கள். கிரேட் நிக்கோபாரில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின் நிலையம் அமைக்கும் பெருந்திட்டத்துக்குச் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு தேவைப்படுகிறது. 2022 ஆகஸ்டில் தடையில்லாச் சான்று தந்த கிரேட் நிக்கோபார், லிட்டில் நிக்கோபார் பழங்குடிக் குழு, நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. ஆழிப்பேரலைக்கு முன் தாங்கள் வாழ்ந்த, திரும்பிப் போக விரும்பும் ஊர்களும் திட்டப் பரப்பில் வருகின்றன என்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்றது. திட்டம் அதனால் நிற்கவில்லை. வன அனுமதி அதற்கு முன்பே, அக்டோபரில் வந்துவிட்டது. 2023 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யாமல் குழு ஒன்றை அமைத்தது. ஆயினும் நாடெங்கும் நடக்கும் விவாதம், நீதிமன்ற வழக்குகள், நாடாளுமன்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அந்தத் திரும்பப் பெறும் கடிதம் மைய ஆவணம் ஆயிற்று.

இந்தக் குழுவுக்கும் போர்ட் பிளேயரின் மாணவர் சங்கத்துக்கும் உள்ள வேறுபாடு துணிச்சலில் இல்லை. 1956இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் 2006இன் வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் சம்மதத்துக்குச் சட்ட எடை கொடுத்திருக்கின்றன. சம்மதம் தேவைப்படும் இடத்தில்தான் மறுப்புக்குப் பொருள் உண்டு. மாணவரின் சம்மதமோ அவர் பெற்றோரின் சம்மதமோ எந்தச் சட்டத்துக்கும் தேவையில்லை. ஆகவே அவர்களால் கேட்க மட்டுமே முடிகிறது.

2019இல் சட்டமன்றமற்ற ஒன்றியப் பகுதியாக்கப்பட்ட லடாக், அவையின்றி ஒதுக்கீட்டைக் கேட்கும் இதே பாதையில் வேகமாகப் போனது. 2025 ஜூனில் உள்ளூர் மக்களுக்கு வேலைகளில் 85 விழுக்காடு ஒதுக்கீடும் பதினைந்தாண்டு வசிப்பு விதியும் வந்தன. அதன் பின்னும் மாநிலத் தகுதியும் ஆறாவது அட்டவணையும் கேட்ட போராட்டத்தில் செப்டம்பர் 24 அன்று லேயில் நால்வர் உயிரிழந்தார்கள். ஒதுக்கீடு கிடைத்தும் கோரிக்கை ஓயவில்லை. கேட்டது வேலை மட்டுமாக இருந்திருந்தால் ஓய்ந்திருக்கும்.

அந்தமானுக்குச் சட்டமன்றம் கேட்கும் குரல்கள் பல பத்தாண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கின்றன. மக்கள்தொகை குறைவு, படைத்துறை முக்கியத்துவம், பழங்குடிகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் எதிர்வாதங்கள். முதலாவது நிற்காது: 1975இல் மாநிலமானபோது சிக்கிமின் மக்கள்தொகை மூன்று லட்சத்தை எட்டவில்லை. இரண்டாவதும் நிற்காது, எல்லை மாநிலங்கள் எல்லாம் சட்டமன்றத்தோடுதான் இருக்கின்றன. மூன்றாவது கனமானது. செட்லர் பெரும்பான்மை கொண்ட ஓர் அவை ஜாரவா ஒதுக்கிடத்தின் மேல் கை வைக்காது என்று எந்த நம்பிக்கையில் சொல்வது? ஆகவே அவை வேண்டும் என்பவர்கள், அந்த அவையின் கைக்கு எட்டாத நிலமும், பழங்குடிக் குழுக்களின் தடுப்புரிமையும் முதல் நாளிலேயே சட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்றும் சேர்த்தே கேட்க வேண்டும். போர்ட் பிளேயர் மாணவர்கள் அடுத்த மனுவில் இதையும் சேர்ப்பார்களானால், தங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதோடு நில்லாமல், யாரிடமிருந்து எதை எடுக்கக் கூடாது என்பதையும் தீவு இளைஞர்கள் தம் அரசியலாக்கியதற்கு அது சான்றாகும்.